சேதுவழிச் செலவு

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது எம் ஊராகிய கந்தர்வக்கோட்டை. செம்மண் நிலமும், முந்திரிக் காடும், மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் ஏரிகளும் உடையது. கடலுக்கும் இவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே புதியவர் எண்ணுவர். ஆயினும், இவ்வூர்ப் பெரியோர் 'அக்கரை' என்று சொல்லுங்கால் ஏரியின் அக்கரையையோ ஆற்றின் அக்கரையையோ கருதுவதில்லை, இலங்கையையே கருதுவர். எம் பாட்டனாரைப் பெற்றவர்கள் காலத்தில் இப்பக்கத்து மக்கள் பலர் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர் சென்ற வழியும், அவர்தம் மக்களும் பேரரும் மீண்ட வழியும் ஒன்றே. அது சேதுவழி.

அவ்வழியை ஒரே நாளிற் கண்டு வருதல் கூடுமோ என்று எம் வகுப்பு நண்பர் பலகால் வினவியதுண்டு. கூடும், ஆனால் விடியுமுன் எழ வேண்டும், சிலவற்றைக் காணாது விடவும் வேண்டும். சென்ற தை மாத விடுமுறையில் நண்பர் அறுவரும், எம் பெற்றோரும், எம் அப்பாயியும் உடன்வர, வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு யாம் சென்று வந்த வழியையும், கண்டவற்றையும், பின்னர்ச் செல்வார்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் வழியைக் கூறுவோம். புகைவண்டியிற் செல்ல விரும்புவோர் புதுக்கோட்டையில் ஏறலாம். திருச்சிராப்பள்ளியிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டி புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் ஆகிய ஊர்கள் வழியே செல்லும். செலவு குறைவு, உட்கார இடமும் பெரும்பாலும் கிட்டும். ஆனால் அவ்வழி உள்நாட்டு வழி. மண்டபம் அடையும்வரை கடல் கண்ணிற்படாது. மற்றொன்று கரைவழி. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல் சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றித் தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் என்று போதல். இஃது இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. யாம் கரைவழியே சென்று, மண்டபத்தில் வேனை விட்டிறங்கிப் புகைவண்டி ஏறிப் பாம்பன் கடலைக் கடந்தோம். வேன் சாலைப் பாலத்தின் வழியே வந்து இராமேசுவர நிலையத்தில் எம்மை எதிர்கொண்டது. இங்ஙனம் செய்தால் இரண்டின் பயனையும் பெறலாம். இந்த யோசனை எம் தந்தையாருடையது. அதற்குரிய புகழை யாம் எடுத்துக்கொள்ளவில்லை.

வைகறை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். ஆதனக்கோட்டையில் முந்திரிப் பருப்பு வறுத்து விற்கும் கொட்டகைகள் அவ்வேளையில் மூடிக்கிடந்தமை நண்பர் சிலர்க்குப் பெருங்குறையாயிற்று. ஆவுடையார்கோயிலை அடைந்தபோது பொழுது புலர்ந்தது. திருப்பெருந்துறை என்னும் பழம்பெயருடைய இவ்வூர், பாண்டியன் பொருட்டுக் குதிரை வாங்கப் போந்த மாணிக்கவாசகர் ஞானாசிரியரைக் கண்டு அடிமையான இடம் என்பது சைவ மரபு. கருவறையில் இலிங்கம் இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. இக்கோயிலின் கொடுங்கைகளைக் காணாது செல்லுதல் தமிழ் மாணவர்க்கு அடாது. கருங்கல்லைக் கூரையாக இழைத்து, மரச்சட்டமும் ஆணியும் குமிழும் வைத்தாற்போலச் செதுக்கியிருக்கின்றனர். திருவாசகத்தை 1900-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் ஐயர் எம் மதத்தவரே. அவ்வுறவை எண்ணி, வெளிமண்டபத்துத் தூண்களைச் சிறிது நேரம் கண்டு நின்றோம்.

மீமிசலிலிருந்து கடற்காற்று முகத்தில் படும். இக்கரையைப் பற்றிப் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கே தெரியாத செய்தி ஒன்றுண்டு. பாக்கு விரிகுடாவின் இப்பகுதியில் கடற்புல் அடர்ந்து வளர்கின்றது. அதனை மேய்ந்து வாழ்வது கடற்பசு. மீனவர் இதனை ஆவுளியா என்பர். மீனன்று, மனிதரைப் போலக் குட்டியீன்று பாலூட்டும் உயிர். இவ்வினம் அருகிவருதல் கண்டு, 2022-ஆம் ஆண்டில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய காப்பகம் இதுவே முதலாவது. கரையில் நின்றால் கடற்பசுவைக் காணல் அரிது. யாமும் கண்டிலேம்.

சாலையிலிருந்து சற்று விலகினால் ஓரியூர். போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனிற் பிறந்து, மறவநாட்டில் தொண்டாற்றி, தம்மை அருளானந்தர் எனத் தமிழ்ப்பெயரால் வழங்கிய ஜான் தெ பிரிட்டோ அடிகள் 1693-ஆம் ஆண்டு பெப்ருவரி 4-ஆம் நாள் தலை துணிக்கப்பட்ட இடம் இது. 1947-இல் புனிதர் பட்டம் பெற்றனர். அங்குள்ள மண் சிவந்திருப்பது அவர் குருதியால் என்று மக்கள் நம்புவர். சைவ உணவே உண்டு, காவியுடுத்துத் தமிழ்நாட்டுத் துறவியர் போலவே வாழ்ந்தவர் அவர். சமயங்களைக் கடந்து சுற்றுவட்டாரத்து மக்கள் வந்து நேர்ச்சை செலுத்துவதை யாம் அங்கே கண்டோம்.

அடுத்தது தொண்டி. இவ்விடத்து எம் வகுப்புத் தோழர் ஒருவர், சங்கப் பாட்டில் வரும் தொண்டி இதுவே என்று விரித்துரைக்கத் தொடங்கினார். சேரர்க்குரிய தொண்டி மேலைக் கடற்கரையது. இது கீழைக் கடற்கரையது. இரண்டையும் மயங்கலாகாது. இத்தொண்டிக்குரிய வரலாறு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் பின் சென்ற கூலித் தொழிலாளர் இத்தொண்டி, அம்மாபட்டினம் முதலிய சிறு துறைகளிலேயே தோணி ஏறினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிச் சீமைக்கும் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தார் மிகப் பலர். தொண்டிக் கடற்கரையில் இதனை நினைவுறுத்தும் கல்லொன்றும் எம் கண்ணிற் படவில்லை.

தேவிபட்டினத்தில் கடலினுள் நவபாஷாணம் என்னும் ஒன்பது கற்கள் நிற்கின்றன. நடைபாலத்தின்மீது சென்று காணலாம். இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னரின் இராமலிங்க விலாசம் உண்டு. அதன் சுவரோவியங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின. ஆங்கே ஒரு முழுநாள் தங்குதல் தகும். எமக்கு அரைமணி நேரமே கிடைத்தது.

இனி மண்டபம். இவ்வூர்ப் பெயரால் இரண்டு புகைவண்டி நிலையங்கள் உண்டு. ஒன்றன் பெயர் மண்டபம் முகாம். யாத்திரிகர் பெரும்பாலோர் இதனைச் சன்னல் வழியே கண்டு அப்பாற் செல்வர். யாம் இங்கே சாலையோரம் வேனை நிறுத்துமாறு ஆயிற்று. அப்பாயி நிறுத்தச் சொன்னார்.

1914-இல் பாம்பன் புகைவண்டிப் பாலம் திறந்தபின் இலங்கைக்குச் செல்லும் பெருவழி இதுவாயிற்று. சென்னையிற் புறப்பட்ட 'போட் மெயில்' தனுஷ்கோடிவரை ஓடும். அங்கு நீராவிக் கப்பல் காத்திருக்கும். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு வேறு புகைவண்டி. பயணச்சீட்டு வாங்கிய கனவான்கள் நேரே சென்றனர். தோட்டத் தொழிலாளரோ மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, நோயில்லை என்று தேறும்வரை அடைத்துவைக்கப்பட்டு, அதன்பின்னரே அக்கரைக்கு அனுப்பப்பட்டனர். கடல் ஒன்று, வண்டி ஒன்று, வழி இரண்டாயிருந்தது.

பின்னர் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974-இல் எஞ்சியோரைச் செம்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். இலக்கங்களாக எழுதும்போது இஃது எளிய கணக்கே. உடன்படிக்கையான இரண்டு திங்களுக்குள் புயல் வந்து தனுஷ்கோடித் துறையை அழித்துவிட்டது. ஆதலின் மீண்டு வந்தோர் இராமேசுவரத்தில் இறங்கினர். பலர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுப் பிற ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர்.

எம் அப்பாயி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1972-இல், தம் பன்னிரண்டாம் வயதில், 'இராமானுஜம்' என்னும் கப்பலில் தாய் தந்தையரோடு வந்தவர். கந்தர்வக்கோட்டைக்கு மணமாகி வந்தபின் இத்தனை யாண்டும் கடலை அவர் மீண்டும் பார்த்ததில்லை. சாலையோரத்தில் நின்று உள்ளே நோக்கி, "அந்தக் கொட்டாய் மாதிரிதான் தம்பி. ஒரு வாரம் இருந்தோம். எங்க அம்மா அழுதுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு மட்டும் சந்தோஷம், ரயிலு பார்க்கலாம்னு" என்றார். முகாமினுள் எம்மை விடவில்லை, விடுதலும் முறையன்று. 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்த ஈழத்தமிழர் அங்கே குடும்பத்தோடு வாழ்கின்றனர். அது காட்சிச்சாலை அன்று. நண்பர் ஒருவர் கைப்பேசியை எடுத்தார்; எம் தாயார் நோக்கிய நோக்கில் மீண்டும் பையில் இட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் வண்டி ஏறினோம். பாம்பன் பாலத்தைப் பற்றிச் சிறிது விரித்தெழுதுவதைப் படிப்போர் பொறுத்தருள்க. பழைய பாலம் 1911-இல் தொடங்கி 1914 பெப்ருவரி 24-இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டர்க்குச் சிறிது மிகுதி. கப்பல்கள் கடக்கும் கால்வாய்க்கு மேலே, ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பெயரால் வழங்கும் தூக்குப்பாலம் அமைந்தது. இரு பாதியாகப் பிரிந்து, இருபுறமும் கைகூப்பித் தலைக்குமேல் விரித்தாற்போல எழும். அதனை எழுப்பியது மின்விசையன்று. பணியாளர் நெம்புகோல் தள்ளிச் சுற்றிய கைவலியே.

1964 புயலில் பாலத்தின் உத்தரங்களிற் பெரும்பாலன கடலில் வீழ்ந்தன; தூக்குப்பகுதி மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியியலாளர் மேற்பார்வையில் 46 நாளில் பாலம் செப்பனிடப்பட்டது. கடலடியிற் கிடந்த உத்தரங்களையே மீனவர் துணைகொண்டு எடுத்துப் பூட்டினர். பிற்காலத்தில் கொங்கண் இருப்புப்பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்தவர் இவரே. உப்புக்காற்று இரும்பை அரிக்க அரிக்க, 2022 திசம்பரில் பழம்பாலத்தின்மீது போக்குவரவு நிறுத்தப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் எழுந்து 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. இதன் நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப்பகுதி பிளவுபடாது, இரண்டு கோபுரங்களுக்கிடையே கிணற்று வாளிபோல நேர்மேலே 17 மீட்டர் எழும். இந்தியக் கடலில் இத்தகைய பாலம் இதுவே முதலாவது. வலப்புறமும் இடப்புறமும் நீரே தோன்ற வண்டி மெல்லச் செல்லும். கைப்பிடிச் சுவரற்ற பாலமாதலின் வாயிற்படியில் நிற்றல் அறிவின்மை. கூவிக் கையசைக்கும் சிறுவர்க்கு இது சொல்லப்பட வேண்டும். எம்முடன் வந்த இளங்கலை மாணவர்க்கும் சொல்லவேண்டியதாயிற்று.

இராமேசுவரக் கோயில் பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரை மூடப்படும். ஆதலின் உணவருந்தியவுடன் தனுஷ்கோடிக்குச் சென்றுவிடுதல் நலம். இதனை அறியாதார் வெயிலில் கோயில் வாயிலிலே இரண்டு மணி நேரம் கழிப்பர். போகும் வழியில் கோதண்டராமர் கோயில் உண்டு. வீடணன் அடைக்கலம் புகுந்த இடம் என்பர். புயலிற் பிழைத்து நின்ற கட்டடம் இது.

தனுஷ்கோடி 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவுவரை ஓர் ஊர். நிலையம், அஞ்சலகம், சுங்கச்சாவடி, பள்ளி, கோயில், மாதாகோயில், கடைத்தெரு எல்லாம் இருந்தன. அன்று நள்ளிரவு புயலோடு கடலும் எழுந்து ஊர்மேல் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகைவண்டி, நிலையத்தை அணுகும் தருவாயில் அலையுள் மூழ்கிற்று. அதனுள் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைத்திலர். அதன்பின் அரசு இவ்விடத்தை மக்கள் வாழத் தகாததென அறிவித்தது. ஆயினும் மீனவர் குடும்பங்கள் சில ஓலைக்குடில்களில் வாழ்ந்தே வருகின்றன. மணலைக் கையால் தோண்டினால் நல்ல நீர் ஊறும். பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாய் மிதந்து நிற்பதே காரணம். ஆழத் தோண்டினால் கரிக்கும்.

பவளக்கல்லாற் கட்டிய மாதாகோயிலின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. எம் நண்பர் இருவர் பலிபீடம் இருந்த மேட்டின்மீது ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டனர். யாமே பிடித்துக் கொடுத்தோம் என்பதையும் மறையாது எழுதுகின்றோம். சங்கு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், கோபமின்றி, "அங்கதான் தம்பி பூசை நடக்கும். எங்க அக்கா கல்யாணம் அங்கதான்" என்றார். இறங்கினோம். வேறு சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அவரிடம் இரண்டு சங்கு வாங்கினோம். அது மன்னிப்புக் கேட்டலாகாது என்பது எமக்குத் தெரியும்.

2017-இல் போட்ட சாலை அரிச்சல்முனைவரை செல்கின்றது. அதற்குமுன் மணலில் வேன்களில் குலுங்கிச் சென்றனர். முனையில் நின்றால் இடப்புறம் பாக்கு விரிகுடா, வலப்புறம் மன்னார் வளைகுடா. அமைதியுடையதைப் பெண்கடல் என்றும், அலையெறிவதை ஆண்கடல் என்றும் அவ்விடத்தார் கூறுவர். பாக்கு விரிகுடா ஆழமற்றது, நிலஞ்சூழ்ந்தது; மன்னார் வளைகுடாவோ பெருங்கடலுக்கு நேரே திறந்தது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வீசுங்கால் பெண்கடலே சீறும்; ஆண்கடல் அடங்கும். இரு நீரும் மோதுமிடத்து அடிநீரோட்டம் மிக வலிது. மணல் காலடியிலிருந்து நழுவும். முழங்காலளவு நீரிலும் இறங்கலாகாது. மாலையானதும் காவலர் யாவரையும் திருப்பி அனுப்பிவிடுவர்.

முனைக்கு அப்பால் மணல்திட்டுகள் தலைமன்னார்வரை தொடர்கின்றன. சேது என்றும், ஆதாம் பாலம் என்றும் இருபெயர் பெற்றவை இவை. அப்பாயி நெடுநேரம் அத்திசையையே நோக்கினார். ஏதேனும் தெரிகின்றதா என்று கேட்டோம். "தெரியாதுன்னு தெரியும், தம்பி" என்றார்.

திரும்பி வருகையில் இராமநாதசுவாமி கோயிலின் வாயிலில் கேட்டறிந்து, பிறமதத்தார்க்கு இசைந்த எல்லைவரை சென்றோம். முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிவுற்ற வெளிப்பிராகாரம் 1,212 தூண்களுடையது. மணலும் பவளப்பாறையுமான தீவுக்குக் கருங்கல் யாவும் அக்கரையிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். ஒரு மூலையில் நின்று மறுமூலையை நோக்கினால் தூண்கள் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகும். ஓவியம் பயில்வோர் இங்கே ஒரு நாழிகை நின்றால் நூல் பல கற்றதற்கு நேராகும். பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்த இல்லமும், பேய்க்கரும்பில் 2017-இல் திறந்த நினைவிடமும் உண்டு. உலகப்போர்க் காலத்தில் வண்டி நில்லாது சென்றமையால் வீசியெறியப்பட்ட செய்தித்தாட் கட்டுகளைப் பொறுக்கி விற்ற சிறுவர் அவர். இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்றவர்.

எமக்கு நேரமின்மையால் விட்டவை இரண்டு. ஒன்று, சிகாகோவிலிருந்து மீண்ட விவேகானந்தர் 1897 சனவரி 26-இல் இறங்கிய குந்துகால். மற்றொன்று, அதற்கு எதிரிலுள்ள குருசடைத் தீவு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் ஒன்றாகிய இதற்கு வனத்துறையின் இசைவின்றிச் செல்லலாகாது. விலங்கியல் மாணவர் தம் ஆசிரியரோடு இரண்டு நாள் தங்கும்படி வருவதே தகும். பவளத்துண்டு ஒன்றையும் எடுத்து வருதல் சட்டத்துக்கு மாறு.

தை முதல் பங்குனிவரை செல்லற்கு ஏற்ற காலம். ஐப்பசி கார்த்திகையில் காற்று மிகுந்தால் புகைவண்டி பாலத்தைக் கடக்காது. மண்டபத்திலேயே நிற்க நேரும். உணவு வீட்டிலிருந்து கொண்டு செல்லுக. நெகிழிப் பையை மட்டும் அங்கே விட்டு வாராதீர்.

மாலை ஆறு மணிக்குமுன் படகுத்துறைப் பக்கம் அப்பாயியை அழைத்துச் சென்றோம். கப்பல் நின்ற இடத்தை அவரால் தெளிவாகச் சுட்ட இயலவில்லை. இரண்டு இடங்களைக் காட்டினார். அக்கப்பற் போக்குவரவு 1980-களில் போரினால் நின்றது. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டனர் என்று எம் தந்தையார் சொன்னார். "காங்கேசன்துறை நம்ம பக்கம் இல்லையே. தலைமன்னாருக்கு விட்டா சொல்லு" என்று கூறிவிட்டு வேனில் ஏறி அமர்ந்தார். காரைக்குடி, திருமயம் வழியே ஊர் வந்து சேர இரவு பதினொரு மணியாயிற்று.